மணிமேகலை காட்டும் அருளறமும் மலைச்சாரல் வாழ்வும்

தோற்றுவாய்

ஐம்பெருங்காப்பியங்களுள் மணிமேகலை பௌத்த அறத்தை விளக்க எழுந்த பெருநூலாகும். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் இயற்றிய இந்நூல் முப்பது காதைகளால் ஆனது. இதனை 1898-ஆம் ஆண்டில் டாக்டர் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்துத் தமிழுலகிற்கு வழங்கினார். இசுலாமியப் பெருமக்கள் நடத்தும் கல்லூரியில் பௌத்தக் காப்பியத்தை விரும்பிக் கற்பது ஏன் எனச் சிலர் வினவக்கூடும். அருள் எச்சமயத்தார்க்கும் பொதுவுடைமை என்பதே நம் விடை. அவ்வருளை நம் அன்றாட வாழ்வில் எங்ஙனம் கைக்கொள்வது என்பதை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

வெகுளிக்கு மருந்து

காமம், வெகுளி, மயக்கம் ஆகிய மூன்றும் துன்பத்திற்கு வேர் என்பது பௌத்தர் கொள்கை. இவற்றைக் களையும் வழியை அறவண அடிகள் மணிமேகலைக்கு இறுதிக் காதையில் உரைக்கின்றார். வெகுளியைத் தீர்க்க அவர் கூறும் மருந்துகள் மைத்திரி, கருணை, முதிதை என்பனவாம். எல்லா உயிரிடத்தும் நட்புக் கொள்ளுதல் மைத்திரி. பிறர் துன்பம் கண்டு அதனை நீக்க முனைதல் கருணை. பிறர் நலம் கண்டு உவத்தல் முதிதை. இரக்கத்தைப் பெறுபவனுக்கு உரிய உதவியாகவே நாம் எண்ணுகிறோம். அடிகளோ அதனைத் தருபவனின் நோய்க்கும் மருந்தாகக் காட்டுகின்றார்.

இதற்குச் சான்று கண்ணகியே. வஞ்சி நகரில் கண்ணகியின் படிமத்தை வணங்கி, மதுரையை எரித்தது ஏன் என மணிமேகலை வினவுகின்றாள். தன் சினத்தால் விளைந்த தீவினையின் பயன் தன்னைத் தொடரும் என்றே கண்ணகி விடை பகர்கின்றாள். நீதி தன் பக்கம் இருந்தும், சினத்தின் பயனினின்று அவளும் தப்பவில்லை. சித்திரை முழுமதி நாளில் கூடலூர் மலைமேல் உள்ள கண்ணகி கோட்டத்திற்கு ஏறிச் செல்லும் நம் மாவட்டத்து மக்கள் அவளது கற்பையும் நீதியையும் போற்றுகின்றனர். அவள் உரைத்த இவ்வறிவுரையும் போற்றத்தக்கதேயாம்.

பசுவும் மானும்

அமுதசுரபியை முதலில் பெற்ற ஆபுத்திரன், தாயால் கைவிடப்பட்டு, பசு ஒன்றின் பாலால் உயிர் பிழைத்தவன். வேள்வியில் பலியிட நிறுத்திய பசுவை இரவில் மீட்டுச் சென்று, அதனால் அடியுண்டு, ஊரை விட்டு நீங்குகின்றான். மதுரை சேர்ந்து பிச்சை ஏற்று, கண்ணிலார், காது கேளாதார், முடவர், நோயாளர் ஆகியோரை முதலில் உண்பித்து, எஞ்சியதையே தான் உண்கின்றான். அமுதசுரபி கிடைக்கும் முன்னரே அவன் கையிலிருந்த வெறும் பிச்சைப் பாத்திரம் பிறர்க்குப் பயன்பட்டது என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் இதனோடு ஒப்பிட்டுக் கற்கத்தக்கது. வேடனிடம் அகப்பட்ட பெண்மான் தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்ப, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிணை நிற்கின்றார்கள். திருக்குர்ஆனின் 114 அத்தியாயங்களுள் 113 அத்தியாயங்கள் அளவற்ற அருளாளனாகிய இறைவனின் பெயரால் தொடங்குகின்றன. இறையியலில் இரு நெறிகளும் வேறுபடுவன. எனினும், வாயில்லா உயிரின் துயரம் கண்டு நின்று செயற்படும் இடத்தில் இரு காப்பியங்களும் கைகோக்கின்றன.

கடைப்பிடி என்னும் விழிப்பு

பௌத்தத்தின் எண்வகை நெறியுள் நற்கடைப்பிடி ஒன்று. செய்யும் செயலிலும் எழும் எண்ணத்திலும் மறவாது விழித்திருத்தலே இது. இதற்கு விளக்கம் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. ஏலச்செடியின் அடியில் தரையை ஒட்டிப் படரும் சரத்தில் முதிர்ந்த காயும் இளங்காயும் அடுத்தடுத்து இருக்கும். எல்லாம் ஒருசேர முதிர்வதில்லை. ஆதலின் சில வாரங்களுக்கு ஒருமுறை பல சுற்றாகப் பறிக்கின்றனர். குனிந்தும் குந்தியும் முதிர்ந்ததை மட்டும் தெரிந்தெடுக்கும் பெண்ணின் விரலில் அவ்விழிப்பு உள்ளது.

அவள்பால் நமக்கு அவ்விழிப்பு உண்டா? பொட்டிபுரம் முதலிய அடிவாரத்து ஊர்களிலிருந்தும் போடிநாயக்கனூரிலிருந்தும் விடியலுக்கு முன் தூக்குச்சட்டியுடன் புறப்பட்டு, ஜீப்பில் நெருங்கி அமர்ந்து, போடிமெட்டின் வளைவுகளைக் கடந்து கேரளத்துத் தோட்டங்களுக்குச் செல்வோர் பலர். ஏலக்காயின் பசுமையையும் பருமனையும் கூர்ந்து பார்த்து விலை கூறும் ஊரில், அதைப் பறித்த கையின் வெடிப்பையும் பார்க்கும் கண் வேண்டும். அன்னாரின் பிள்ளைகள் நம் வகுப்பறையிலும் அமர்ந்திருக்கக்கூடும். காலையில் தாய் மலையேறிய வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதை ஆசிரியர் அறிந்திருத்தல் நன்று. சோர்ந்த மாணவனைக் கண்டிக்கும் முன் அவன் உண்டானா எனக் கேட்பதே கடைப்பிடி.

சிறை அறக்கோட்டம் ஆனது

மணிமேகலை சிறைக்கோட்டம் புகுந்து அங்குள்ளோர் பசியைப் போக்கினாள். மன்னன் அவளை அழைத்து வேண்டுவது யாது என வினவியபோது, சிறையை நீக்கி அதனை அறக்கோட்டம் ஆக்குக என்றாள். ஒருநாள் உணவோடு அவள் அமையவில்லை. துன்பம் நிகழும் இடத்தையே மாற்றக் கேட்டாள். நாமும் ஒரு பொட்டலம் உணவு வழங்கி நிறைவடைதல் போதாது. அளவுக்கு மிஞ்சி ஆளேற்றாத வண்டி, நியாயமான கூலி, நோயுற்ற நாளில் ஆதரவு ஆகியவற்றைத் தொழிலாளர்க்கு உறுதி செய்வதும் அறமே. தோட்டமும் வணிகமும் உடைய நம் சமுதாயப் பெரியோர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். அப்போது மீட்புப் பணியில் தோள் கொடுத்தோருள் மலையூர் மக்களும் இருந்தனர். அவர்கள் முன்பின் அறியாதாரைத் தூக்கிச் சுமந்தனர். மைத்திரியும் கருணையும் நம் மண்ணில் உயிரோடு இருப்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

முடிவுரை

அன்பார்ந்த மாணவச் செல்வங்களே! சினம் எழும்போது ஒரு நொடி அதனை அறிந்து நில்லுங்கள். பிறர் துன்பத்தைக் கேட்டறியுங்கள். தோழர் பெற்ற மதிப்பெண் கண்டு மகிழுங்கள், அதுவே முதிதை. இரமலானில் நோன்புக் கஞ்சியை மதம் பாராது அண்டை வீட்டார்க்கு வழங்கும் நல்வழக்கத்தை மற்றைத் திங்கள்களிலும் ஏதேனும் ஒரு வடிவில் தொடருங்கள். நம் கையில் அமுதசுரபி இல்லை. ஆபுத்திரன் முதலில் ஏந்திய எளிய பாத்திரம் நம் ஒவ்வொருவர் கையிலும் உண்டு. அதைக் கொண்டு தொடங்குவோமாக!