மண் வீடும் மனித மனமும்

கட்டடக் கலை சுவர் எழுப்பும் கலை மட்டுமன்று. சுவர்களுக்கு நடுவே வாழும் மனிதரை அறியும் கலையுமாகும். எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹி (1900–1989) உருவாக்கிய புதிய குர்னா கிராமம் இதற்குத் தக்க சான்றாகும்.

லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், பண்டைய கல்லறைகளின் மீது குர்னா மக்கள் வாழ்ந்து வந்தனர். அவர்களை வேறிடத்தில் குடியமர்த்த அரசு முடிவு செய்தது. 1945இல் அப்பொறுப்பை ஏற்ற ஃபத்ஹி, விலைமிகுந்த சிமெண்டையும் இரும்பையும் நாடாது, வெயிலில் உலர்த்திய மண் கல்லையே தேர்ந்தார். மரத்தாங்கலின்றி வளைகூரை அமைக்கவல்ல நூபியக் கொத்தனார்களை வரவழைத்தார். எல்லா வீடுகளையும் ஒரே அச்சில் வார்க்காமல், குடும்பத்தின் தேவைக்கேற்ப வேறுபடுத்தினார். முற்றங்கள் குளிர்ச்சியும் மறைவும் தந்தன. பள்ளிவாசல், சந்தை, பள்ளிக்கூடம், அரங்கு ஆகியனவும் எழுந்தன.

ஆயினும் மக்களுள் பெரும்பாலோர் குடிபெயர மறுத்தனர். பணியும் முற்றுப்பெறாமல் நின்றது. காரணம் என்ன? அவர்களுள் பலரது பிழைப்பு அக்கல்லறைகளைச் சார்ந்திருந்தது. வீடு அவர்களுக்காக அமைந்தது. ஊரை விட்டுப் பெயரும் முடிவோ அவர்களுடையதன்று.

மாணவச் செல்வங்களே! காற்றும் நிழலும் அளந்து கட்டுவது பாதி அறம். வாழப்போகிறவரின் தொழிலையும் இசைவையும் கேட்டறிந்து கட்டுவதே முழு அறம்.