ஏரிக்கும் மூச்சுத் திணறும்

ஏற்காடு ஏரியில் படகு விடுவோர் பலர். அந்த நீரில் எவ்வளவு பிராணவாயு, அதாவது ஆக்சிஜன், கரைந்திருக்கிறது என்று கேட்போர் சிலரே. மீனுக்கோ அதுதான் உயிர்.

குளிர்ந்த நீரில் வாயு அதிகம் கரையும். கடல் மட்டத்தில் 30 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏற்கும். 20 டிகிரியில் 9.1. அப்படியானால் சேர்வராயன் மலைமேல் மீனுக்குக் கொண்டாட்டம்தானே? இல்லை. 1,300 மீட்டருக்கு மேலே காற்றழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. ஆகவே 9.1 என்பது 7.8 ஆகிவிடும். குளிர் கொடுத்ததை உயரம் பறித்துக்கொள்கிறது!

சாக்கடை நீர் கலந்தால் பாசி பெருகும். பகலில் பாசி ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அதுவும் சுவாசிக்கும். அழுகலை உண்ணும் பாக்டீரியாவும் சுவாசிக்கும். விடியுமுன் இருப்பு மிகக் குறைந்துவிடும். நண்பகலில் மட்டும் சோதிப்பவர் 'ஏரி நலம்' என்று எழுதிவிடுவார். மீன்களோ விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளக்கும். ஆகவே நீரியலாளர் இருட்டிலேயே படகேற வேண்டும்.

குமிழ் புகாமல் புட்டியில் நீர் பிடித்து, மாங்கனீஸ் சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் சேர்ப்பார்கள். பழுப்பு வீழ்படிவு தோன்றினால் ஆக்சிஜன் உண்டு; வெண்மையாகவே நின்றால் ஆபத்து. இது விங்க்ளர் 1888-இல் வெளியிட்ட முறை.

தமிழகத்தில் இத்துறையில் உழைத்தவர்களில் ஏ. ஸ்ரீனிவாசன் ஒருவர். பவானிசாகர் நீர்த்தேக்கத்தை 1956 முதல் 1961 வரை ஆராய்ந்தார். மாநிலத்தின் மூன்று மலை ஏரிகளைப் பற்றி 1964-இல் எழுதினார். ஒரே நீருக்கு இத்தனை ஆண்டுகளா? ஆம். மழை பொய்த்த ஆண்டில் பார்த்த ஏரி வேறு, பெய்த ஆண்டில் பார்க்கும் ஏரி வேறு.