மணிக்கூண்டும் குயில் கடிகாரமும்

"இப்பொழுது மணி என்ன?" என்று நாள்தோறும் பலமுறை கேட்கின்றோம். கடிகாரத்தைப் பார்த்ததும் விடை கிடைத்துவிடுகிறது. ஆனால், அக்கடிகாரம் எப்படி ஓடுகிறது, அது காட்டும் மணியை வகுத்தவர் யார் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. மாணவச் செல்வங்களும் பெற்றோரும் சேர்ந்து அறிய வேண்டிய செய்தி அதுவாதலின், இவ்வாண்டு மலரில் அதனையே பாடமாக எடுத்துக்கொண்டோம்.

நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகைகளாகப் பகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடங்கள். துளையிட்ட வட்டிலையும் நீரையும் கொண்டு அதனை அளந்தனர். அக்கருவிக்கு நாழிகை வட்டில் என்று பெயர். பிற்காலத்தில் ஐரோப்பியர் பற்சக்கரங்களால் ஆன கடிகாரங்களைச் செய்தனர். எனினும் அவை ஒரு நாளில் பல நிமிடங்கள் பிழைபட்டன. 1656ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு அறிஞர் ஹைகன்ஸ் கடிகாரத்தில் ஊசலைப் பொருத்தினார். அதன் பின்னரே காலக் கணக்கு நேர்பட்டது.

ஊசலின் இரகசியத்தை நீங்களே கண்டறியலாம். ஒரு சிறு கல்லை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். நூல் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் இருக்கட்டும். மெல்ல ஆட்டிவிட்டு எண்ணுங்கள். ஒரு நிமிடத்தில் அது 30 முறை போய்த் திரும்பும். கல்லின் எடையைக் கூட்டினாலும் கணக்கு மாறாது. நூலை 25 சென்டிமீட்டராகக் குறைத்தால், ஒரு நிமிடத்தில் 60 முறை ஆடும். ஆட்டத்தின் காலத்தை ஆள்வது நூலின் நீளமே என்பது இதனால் விளங்கும்.

பழைய கடிகாரத்தில் மூன்று உறுப்புகள் முதன்மையானவை. கயிற்றிலோ சங்கிலியிலோ தொங்கும் எடை, கீழே இறங்கும் விசையால் சக்கரங்களைச் சுழற்றுகிறது. ஊசல் அச்சுழற்சியை அளவுபடுத்துகிறது. இரண்டிற்கும் இடையே நங்கூரம் போன்ற ஒரு கொக்கி உண்டு. ஊசல் ஆடும் போதெல்லாம் அது சக்கரத்தின் ஒரு பல்லை மட்டும் விட்டுவிட்டு, மறு பல்லைப் பிடித்துக்கொள்கிறது. 'டிக், டிக்' என்று நாம் கேட்பது அந்தப் பிடியின் ஒலியே.

கோலாலம்பூருக்குச் சென்றவர்கள், மெர்டேக்கா சதுக்கத்தின் எதிரே சுல்தான் அப்துல் சமாட் மாளிகையைக் கண்டிருப்பீர்கள். 1894இல் தொடங்கி 1897இல் கட்டி முடிக்கப்பட்ட செங்கல் மாளிகை அது. நடுவிலுள்ள மணிக்கூண்டின் உயரம் ஏறத்தாழ 41 மீட்டர். அதன் கடிகாரம் இங்கிலாந்தின் கில்லெட் அண்டு ஜான்ஸ்டன் நிறுவனத்தின் படைப்பு. 1897இல் விக்டோரியா மகாராணியாரின் வைரவிழாவின்போது அது முதன்முதலாக ஒலித்தது. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் முடிந்து 31ஆம் நாள் பிறந்த நள்ளிரவில், அதே மணிக்கூண்டின் எதிரேதான் ஆங்கிலேயர் கொடி இறங்கி நம் நாட்டுக் கொடி ஏறியது.

இப்பெரிய கடிகாரத்திற்கு ஓர் ஏழைத் தம்பி உண்டு. அதுவே குயில் கடிகாரம். ஜெர்மனியின் தென்மேற்கில் கருங்காடு என்று பொருள்படும் பெயருடைய மலைநாடு இருக்கிறது. குளிர்காலத்தில் பனி மூடி, அங்கு வயல்வேலை நின்றுவிடும். அம்மாதங்களில் எளிய உழவர் குடும்பங்கள் வீட்டிலிருந்தே மரத்தைச் செதுக்கிக் கடிகாரம் செய்தன. தொடக்கத்தில் சக்கரங்களும் மரமே. பதினெட்டாம் நூற்றாண்டில் அவற்றுள் குயிலும் குடிபுகுந்தது. மணியானதும் சிறு கதவு திறக்கும். மரக்குயில் வெளிவந்து தலை வணங்கும். உள்ளே இரண்டு சிறு துருத்திகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றை ஊத, இரண்டு குழல்களும் 'குக்-கூ' என்று இசைக்கும். முதல் ஒலி உயர்ந்தும் அடுத்தது தாழ்ந்தும் அமையும்.

1850இல் அங்குள்ள ஃபுர்ட்வாங்கன் என்னும் ஊரில் கடிகாரத் தொழிற்பள்ளி தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் அப்பள்ளியின் தலைவர் கெர்விக் புதிய வடிவம் வேண்டி ஒரு போட்டியை அறிவித்தார். ஐசன்லோர் என்னும் கட்டடக் கலைஞர், ரயில் பாதைக் காவலரின் சிறு வீட்டைப் போன்ற பெட்டியை வரைந்தளித்தார். இன்றும் உலகெங்கும் காணும் குயில் கடிகாரத்தின் வடிவம் அவ்வீடே. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளை அறிந்த நம் பெரியோர்க்கு இச்செய்தி இனிக்கும்.

இனி, கடிகாரம் காட்டும் மணிக்கு வருவோம். ஜப்பானியர் ஆட்சியில் நம் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்திற்கு, ஒன்றரை மணி முன்னே தள்ளப்பட்டன. 1945இல் அவை பழைய நிலைக்குத் திரும்பின. பின்னர், சபா, சரவாக்கோடு ஒரே நேரம் அமைய வேண்டி, 1981 டிசம்பர் 31 இரவு 11:30 மணியானதும் நள்ளிரவு 12 என்று வைக்கப்பட்டது. அதனாலேயே கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் சூரியன் உச்சிக்கு வரும்போது, கடிகாரம் ஏறத்தாழ ஒன்றேகால் காட்டுகிறது. பள்ளிக்குப் புறப்படும் வேளையில் இன்னும் இருட்டாக இருப்பதன் காரணமும் இதுவே.

ஆனால், பால்மரத்திற்கு அந்த அரைமணி தெரியாது. விடியற்காலைக் குளிர்ச்சியில் மரத்துள் அழுத்தம் மிகுந்திருக்கும்போது பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏறக் குறையும். ஆகவே பால் வெட்டுவோர் கடிகாரம் என்ன சொன்னாலும் சூரியனுக்கு முன்னே எழ வேண்டியவர்களாயினர். வீட்டுக்கு வீடு கடிகாரம் இல்லாத அக்காலத் தோட்டங்களில், பெரட்டு மணியே கடிகாரம். அதனை அடித்தவர் ஒருவர். அதற்கு எழுந்தவர் பலர்.

பெற்றோர்களே, இன்று மாலை நூலும் கல்லும் எடுத்துப் பிள்ளைகளோடு அமர்ந்து ஊசலை எண்ணுங்கள். மாணவர்களே, பழுதான பழைய கடிகாரம் கிடைத்தால், பெரியோர் அனுமதியுடன் அதன் பற்களை எண்ணிப் பாருங்கள். பனிக்காலத்து உழவர் கைகளால் இயன்றது நம் கைகளால் இயலாதா? மணி கேட்டு எழுந்தவர்களின் பிள்ளைகள் மணியைச் செய்யவும் திருத்தவும் வல்லவர்களாகட்டும். அதுவே எம் அவா.