குறையைத் திருத்துவதும் தன்னை இகழ்வதும்

தவறு செய்தவர் அதை உணர்வது நற்பண்பு. திருக்குறளில் ‘குற்றங்கடிதல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. ஆனால் கடியப்பட வேண்டியது குற்றமே. குற்றம் செய்தவரின் முழு வாழ்வும் அன்று. ‘இதைத் தவறாகச் செய்துவிட்டேன்’ என்பது குறையை அறிதல். ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்பது தன்னை இகழ்தல். முன்னையது செயலைப் பற்றியது. ஆகவே திருத்தத்திற்கு வழி காட்டும். பின்னையது ஆளைப் பற்றியது. அது எந்த வழியையும் காட்டாது.

இக்குரல் எங்கிருந்து வருகிறது?

மனச்சோர்வுற்றவர்களிடம் தம்மைப் பற்றிய கடுமையான எண்ணங்கள் கணப்பொழுதில் தாமாகவே தோன்றுவதையும், அவை ஆராயப்படாமலே உண்மையென ஏற்கப்படுவதையும் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் எடுத்துக்காட்டினார். அவ்வெண்ணங்களைச் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அவர் வகுத்த சிகிச்சை முறையின் அடிப்படையாகும்.

‘நீ உருப்படமாட்டாய்’, ‘பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்’ என்பன தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் அக்கறையோடு சொல்லப்படுபவை. எனினும் சொன்னவர் மறந்த பின்னரும் கேட்டவர் மனத்தில் அவை தங்கிவிடுவதுண்டு. புலம்பெயர்ந்த வாழ்வு மேலும் காரணங்களைச் சேர்க்கிறது. தாயகத்தில் பொறியியலாளராக இருந்தவர் இங்கே பண்டகசாலையில் இரவுப்பணி செய்கிறார். இன்னொருவரால் பெற்றோரின் இறுதிச் சடங்குக்குச் செல்ல இயலவில்லை. சூழ்நிலையால் நேர்ந்தவற்றையும் இவர்கள் தம் குற்றக்கணக்கிலேயே எழுதிக்கொள்கின்றனர்.

கடுமை பயன் தருமா?

கடுமையாக நடத்தாவிட்டால் மனம் சோம்பிவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். பாடசாலைச் சுற்றுலாவுக்கான அனுமதிப் படிவத்தில் கையொப்பமிட ஒரு தாய் மறந்துவிடுகிறார். பிள்ளை செல்ல முடியாமற் போகிறது. ‘தாயாக இருக்கவே எனக்குத் தகுதியில்லை’ என்று அவர் தம்மைச் சாடுகிறார். வெட்கத்தால் அடுத்த கடிதத்தைப் பிரிக்காமல் வைக்கிறார். ஆசிரியரைச் சந்திக்கும் நாளையும் தவிர்க்கிறார். ஒரு மறதி மூன்று தவறுகளாகிறது. அருகில் இருந்து கேட்கும் பிள்ளையோ, தவறு நேர்ந்தால் தன்னிடம் தான் எப்படிப் பேசவேண்டும் என்பதையும் கற்றுக்கொள்கிறது.

நியாயமாக விசாரித்தல்

மறுதரப்பைக் கேளாமல் தீர்ப்பளிக்கலாகாது. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கலாகாது. இவை இயற்கை நீதியின் இரு விதிகள். தன்னை இகழும் மனம் இரண்டையும் மீறுகிறது. குற்றம் சாட்டுவதும் தீர்ப்பளிப்பதும் ஒரே குரல்; எதிர்வாதத்திற்கு இடமே இல்லை. அந்த இடத்தை ஏற்படுத்தப் பின்வரும் பயிற்சி உதவும்.

1. குற்றச்சாட்டை எழுதுதல்: மனத்தில் ஓடும் சொற்களை அப்படியே தாளில் எழுத வேண்டும். தாளில் கண்டதும் அவற்றின் மிகைப்பாடு தெரியவரும்.

2. நடந்ததைத் தனியே எழுதுதல்: ‘படிவத்தில் கையொப்பமிடவில்லை’ என்பது நிகழ்வு. ‘தகுதியில்லை’ என்பது தீர்ப்பு. இரண்டும் ஒரே வரியில் நிற்கலாகாது.

3. மறுதரப்பைக் கேட்டல்: அந்த வாரம் வேலைப்பளு எவ்வளவு இருந்தது? முன்னர் எத்தனை படிவங்கள் உரிய நாளில் சென்றன? இவை சாக்குப்போக்குகள் அல்ல, சான்றுகள்.

4. வேறொருவரை நீதிபதியாக்குதல்: இதே தவறைத் தங்கை செய்திருந்தால் அவளிடம் என்ன சொல்லப்படும்? அதே சொற்களைத் தமக்கும் சொல்லிப் பார்க்க வேண்டும். இது பொய்ப் புகழ்ச்சியன்று. பிறருக்கு வழங்கும் அளவுகோலைத் தமக்கும் வழங்குதல்.

5. பரிகாரம் தேடுதல்: பிள்ளையிடம் வருத்தம் தெரிவிக்கலாம், படிவங்களுக்கென்று குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஓரிடம் ஒதுக்கலாம். பரிகாரம் செய்தபின் வழக்கு முடிந்தது.

தன்மீது பரிவு கொள்வதற்கு மூன்று கூறுகள் உண்டென உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் எழுதினார்: தன்னைக் கனிவோடு நடத்துதல், தவறுவது மனிதர் யாவர்க்கும் பொதுவென உணர்தல், வேதனையை மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் நோக்குதல். மேற்கண்ட பயிற்சியில் இம்மூன்றும் அடங்கும்.

உதவி நாட வேண்டிய வேளை

இகழ்ச்சிக் குரல் இரண்டு வாரங்களுக்கு மேல் ஓயாமல் தொடர்ந்தாலோ, உறக்கம், உணவு, வேலை ஆகியவற்றைக் குலைத்தாலோ குடும்ப மருத்துவரை நாட வேண்டும். ஆஸ்திரேலியாவில் மருத்துவர் மனநலச் சிகிச்சைத் திட்டம் ஒன்றை வகுத்துத் தந்தால், தகுதியுடையோர் ஒரு நாட்காட்டி ஆண்டில் உளவியலாளரிடம் 10 தனிச் சந்திப்புகள் வரை மெடிகேர் கழிவு பெறலாம். தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவையெனில் முன்பதிவு செய்யும்போதே கேட்கலாம். தேசிய உரைபெயர்ப்புச் சேவையின் எண் 131 450.

‘நான் இல்லாதிருப்பதே நல்லது’ என்ற எண்ணம் ஒருமுறை தோன்றினாலும் காத்திருக்கலாகாது. லைஃப்லைன் சேவையை 13 11 14 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து எனில் 000 எண்ணை அழைக்க வேண்டும். உதவி கேட்பது குடும்பத்தின் மானத்தைக் குறைக்கும் செயலன்று. தாமே தனித்து வாதிட இயலாத வழக்கில் துணைக்கு ஒருவரை அழைக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு.