பார்ப்பவர்க்கும் புரியட்டும்!

ஓட்டப் பந்தயத்தைக் கண்டு மகிழ எவருக்கும் பாடம் தேவையில்லை. கோடு தெரிகிறது, ஓடுபவர் தெரிகிறார், கோட்டை முதலில் கடப்பவர் வென்றார் என்பது சிறு குழந்தைக்கும் விளங்கிவிடும். சதுரங்கமோ அப்படிப்பட்டதன்று. ஆட்டத்தின் நெறி அறியாதவர் கண்ணுக்கு, இருவர் வாய் திறவாமல் அமர்ந்திருப்பது மட்டுமே தெரியும். இன்று பல நாடுகளிலும் இளைஞர்கள் ஈடுபட்டுவரும் 'ஸ்பீட்ரன்' என்னும் வேக விளையாட்டு இவ்விரண்டும் கலந்தது. ஓட்டப் பந்தயத்தின் பரபரப்பு அதில் உண்டு. சதுரங்கத்தின் சூட்சுமமும் உண்டு. ஆகையால் சொல்லிக்கொடுப்பார் இல்லையெனில், புதிதாய்ப் பார்ப்பவர் பத்து விநாடியில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அத்தகைய பதிவுகளை அனைவரும் பார்த்து மகிழும்படி செய்வது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஸ்பீட்ரன் என்பது யாது?

ஒரு வீடியோ விளையாட்டைத் தொடக்கம் முதல் முடிவுவரை இயன்றவரை குறைந்த நேரத்தில் ஆடி முடிப்பதே ஸ்பீட்ரன். ஆடியதை வீடியோவாகப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். நடுவர்கள் அதனைப் பார்த்துச் சரி என்று ஏற்ற பின்னரே சாதனைப் பட்டியலில் இடம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, ஜப்பான் நாட்டு நிண்டெண்டோ நிறுவனம் 1985-ஆம் ஆண்டு வெளியிட்ட 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் எட்டு உலகங்கள். உலகத்திற்கு நான்கு கட்டங்கள். ஆக மொத்தம் 32 கட்டங்கள். முதன்முறையாக ஆடுபவர் அதனை முடிக்க நாட்கணக்கில் போராட வேண்டியிருக்கும். 2021-ஆம் ஆண்டிலோ ஒருவர் 4 நிமிடம் 55 விநாடிக்கும் குறைந்த நேரத்தில் அதனை முடித்துக் காட்டினார். பார்ப்பவர்க்கு வியப்பு மேலிடுவதற்குப் பதிலாகக் குழப்பமே மிஞ்சுகிறது. அதற்குக் காரணங்கள் உள.

புதியவர் எங்கே தடுமாறுகிறார்?

முதலாவதாக, "32 கட்டங்கள் என்றீர்களே, மற்றவை எங்கே?" என்ற ஐயம் எழுகிறது. முதல் உலகின் இரண்டாம் கட்டத்தில் ஒரு குறுக்குவழிக் குழாய் இருக்கிறது. அது நேரே நான்காம் உலகிற்குக் கொண்டுபோய் விடும். நான்காம் உலகின் இரண்டாம் கட்டத்திலிருந்து எட்டாம் உலகிற்குத் தாவலாம். ஆகவே ஆடுபவர் எட்டே கட்டங்களைக் கடந்து முடித்துவிடுகிறார். விளையாட்டை உருவாக்கியவர்களே வைத்த வழி அது, ஏமாற்று அன்று. இதை ஒரு வாக்கியத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஐயம் தீரும்.

இரண்டாவதாக, நான்காம் உலகின் இரண்டாம் கட்டத்தில் மரியோ வேண்டுமென்றே செங்கற்களில் முட்டிக்கொள்வதைக் காண்கிறோம். பார்ப்பவர், "ஐயோ, தவறிவிட்டான்!" என்பார். உண்மையில் அது கணக்கிட்டுச் செய்த செயல். ஒரு குழாய் மரியோவை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை, திரை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பதை வைத்தே விளையாட்டு முடிவு செய்கிறது. முட்டுவதால் மரியோ திரையில் சற்று வலப்பக்கம் தள்ளப்படுகிறான். திரையோ பின்தங்கி நிற்கிறது. ஆகவே நாணய அறைக்குப் போக வேண்டிய குழாய், குறுக்குவழி அறைக்கே அவனை அனுப்பிவிடுகிறது. கொடியில் ஏறிச் செல்லும் நேரம் மிச்சமாகிறது.

மூன்றாவது தடுமாற்றம் இன்னும் நுட்பமானது. இவ்விளையாட்டு விநாடிக்கு ஏறத்தாழ 60 படங்களைத் திரையில் காட்டுகிறது. ஒரு கட்டம் முடிந்ததா என்பதை அது ஒவ்வொரு படத்திலும் பார்ப்பதில்லை. 21 படங்களுக்கு ஒருமுறைதான் பார்க்கிறது. 21 படம் என்பது சுமார் 0.35 விநாடி. மணி அடித்தால்தான் பள்ளிக் கதவு திறக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நிமிடம் முன்னதாக ஓடிவந்து கதவருகே நின்றவளும், அரை நிமிடம் முன் வந்தவளும் ஒன்றாகத்தான் வெளியேறுவர். அவ்வாறே ஒரு கட்டத்தில் சில படங்களை மிச்சப்படுத்தினாலும், முந்தைய 'மணி'யைப் பிடிக்க முடியாவிட்டால் பயன் எதுவும் இல்லை. ஆட்டக்காரர் ஓரிடத்தில் சற்றுத் தயங்கியும் பதறாமல் இருப்பது ஏன், வேறோரிடத்தில் இமைப்பொழுதுக்காக ஆயிரம் தடவை முயல்வது ஏன் என்பது இதை அறிந்தவர்க்கே புரியும்.

முன்னோடிகள் கண்ட வழி

இத்துறையின் தொடக்க நாட்களிலேயே இச்சிக்கலை எண்ணிப் பார்த்தவர்கள் இருந்தனர். அமெரிக்காவில் 1993-இல் வெளிவந்த 'டூம்', 1996-இல் வெளிவந்த 'குவேக்' ஆகிய விளையாட்டுகளில் ஆட்டத்தைப் பதிவு செய்யும் வசதி உள்ளேயே அமைந்திருந்தது. அப்பதிவில் படங்கள் இருப்பதில்லை. ஆட்டத்தில் நிகழ்ந்தவற்றின் விவரங்களே இருக்கும். அவற்றைக் கொண்டு விளையாட்டே காட்சியை மீண்டும் நடத்திக் காட்டும்.

1997-ஆம் ஆண்டு ஒரு குழுவினர் குவேக் விளையாட்டு முழுவதையும், அதன் மிகக் கடினமான நிலையில், 19 நிமிடம் 49 விநாடியில் முடித்து, 'குவேக் டன் குயிக்' என்ற பெயரில் வெளியிட்டனர். வெவ்வேறு கட்டங்களை வெவ்வேறு வீரர்கள் ஆடியிருந்தனர். ஆடுபவரின் கண் வழியாகவே பார்த்தால் சுவர்களும் கதவுகளும் சுழன்றோடி நமக்குத் தலைசுற்றும். எனவே அக்குழுவினர் அதே ஆட்டத்தை, வெளியே நின்று பார்க்கும் கோணங்களிலிருந்தும் காட்சியாக்கித் தந்தனர். வீரன் எங்கிருந்து எங்கே பாய்கிறான் என்பது அப்போது கண்ணுக்குப் புலனாயிற்று. ஆட்டம் மாறவில்லை, பார்க்கும் இடம் மட்டுமே மாறியது. புரிய வைக்கும் கலையின் முதற்பாடம் இதுவே எனலாம்.

கைக்கொள்ளத் தக்க முறைகள்

(1) முன்னுரை: ஆட்டம் தொடங்குமுன் மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும். விளையாட்டின் பெயர், முடிவு எது, எவ்விதிப்படி ஆடுகிறோம் என்பனவே அவை. மரியோ ஆட்டத்தில் இறுதிக் கோட்டையிலுள்ள கோடரியைத் தொடும் கணத்தில் கடிகாரம் நிற்கும். அதை முன்னரே அறிந்தவர் கடைசி விநாடியில் மூச்சடக்கிப் பார்ப்பார், அறியாதவர் "முடிந்துவிட்டதா?" என்று கேட்பார்.

(2) கடிகாரம்: திரையின் ஓரத்தில் கடிகாரமும், ஒவ்வொரு கட்டத்திற்கும் ஆன நேரமும் இருக்க வேண்டும். 'லைவ்ஸ்பிளிட்' போன்ற கணினிக் கருவிகள் இதற்கென்றே உள்ளன. வழக்கமாக, முன்னிலையில் இருந்தால் பச்சை நிறமும், பின்தங்கினால் சிவப்பும், ஒரு பகுதியில் தம் முந்தைய சிறந்த நேரத்தை வென்றால் பொன்னிறமும் தோன்றும். நிறங்களின் பொருளை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். விளையாட்டே தெரியாதவரும் பந்தயத்தின் ஏற்ற இறக்கத்தைத் தொடர்வார். எழுத்துகள் பெரியனவாய் இருத்தல் நலம். கைப்பேசியில் பார்ப்பவரையும் பாட்டியின் கண்ணாடியையும் நாம் மறக்கலாகாது.

(3) வர்ணனை: வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்த பெற்றோர்க்கு இதன் அருமை தெரியும். நல்ல வர்ணனையாளர் கண்ணுக்குத் தெரிவதைத் திரும்பச் சொல்வதில்லை, தெரியாததையே சொல்வார். "மரியோ குதிக்கிறான்" என்று சொல்ல வேண்டியதில்லை. "இப்போது செங்கல்லில் முட்டப் போகிறான், அது தவறன்று, கவனியுங்கள்" என்று நிகழ்வதற்கு முன்பே சொல்ல வேண்டும். நிகழ்ந்த பின் சொன்னால், அடுத்த வித்தை அதற்குள் கடந்துபோயிருக்கும். கலைச்சொற்களை அடுக்காமல், எளிய சொல்லால் விளக்க வேண்டும். மிகக் கடினமான இடம் வரும்போது பேச்சை நிறுத்தி, பார்ப்பவரைப் பார்க்க விடுவதும் வர்ணனையின் ஒரு பகுதியே. செவிப்புலன் குறைந்தவர்க்காக அதே விளக்கத்தைத் திரையின் அடியில் எழுத்திலும் தரலாம்.

(4) படத் தெளிவு: பழைய விளையாட்டுகளில் அடிபட்ட பாத்திரம் சிறிது நேரம் மின்னி மின்னித் தெரியும். ஒரு படத்தில் தோன்றி, அடுத்த படத்தில் மறையும்படி அமைத்திருப்பார்கள். விநாடிக்கு 60 படங்கள் உள்ள இக்காட்சியை 30 படங்களாகக் குறைத்துப் பதிவு செய்தால் என்னவாகும்? ஒன்றுவிட்டு ஒன்று நீங்கும். நீங்கியவை அனைத்தும் பாத்திரம் தோன்றும் படங்களாக இருந்தால், நம் வீரன் திரையிலிருந்தே காணாமற் போவான்! இதைப் பதிவின் பிழை என்று அறியாதவர் ஆட்டத்தையே குறை கூறுவார். யூடியூபில் 2014 முதல் விநாடிக்கு 60 படங்கள் கொண்ட காட்சிகளை வெளியிடும் வசதி வந்தது. ஆகவே படங்களைக் குறையாமல் பதிவு செய்வதே முறை.

(5) கண்ணுக்குக் காப்பு: 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பான் தொலைக்காட்சியில் 'போக்கிமான்' கேலிச்சித்திரத் தொடரில் சிவப்பும் நீலமும் மாறி மாறிப் பளிச்சிட்ட ஒரு காட்சியைப் பார்த்து 600-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சிலருக்கு அத்தகைய ஒளி வலிப்பை உண்டாக்க வல்லது. விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடும் காட்சி கூடாது என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட நெறி. விளையாட்டில் அத்தகைய இடம் இருந்தால் முன்னெச்சரிக்கை தருவது நம் கடமை.

விளக்கம் வேறு, சாட்சியம் வேறு

இங்கே ஒரு முக்கியமான செய்தியைச் சொல்லியாக வேண்டும். ஸ்பீட்ரன் பதிவு பார்ப்பவர்க்கு விருந்து. நடுவருக்கோ அதுவே சாட்சியம். விருந்தைச் சுவையாக்கப் போய்ச் சாட்சியத்தைக் கெடுத்துவிடக் கூடாது.

இரு வேறு முயற்சிகளின் நல்ல பகுதிகளை வெட்டி ஒட்டி, ஒரே ஆட்டம் என்று காட்டுவது இத்துறையில் பெருங்குற்றம். இதைக் கண்டுபிடிக்க நடுவர்கள் படத்தைப் பார்ப்பதோடு, விளையாட்டின் இசையும் ஒலியும் ஓரிடத்தில் அறுந்து ஒட்டியிருக்கின்றனவா என்றும் உற்றுக் கேட்பர். நாம் அழகுக்காக வேறொரு பாடலை அதன்மேல் ஒலிக்கவிட்டாலோ, அலுப்புத் தட்டும் என்று நடுவில் சில விநாடிகளை நீக்கினாலோ, நேர்மையான ஆட்டமும் ஐயத்திற்கு இடமாகிவிடும். பல மாத உழைப்பு ஒரு கத்தரிப்பில் வீணாகும்.

ஆகவே இரண்டு பிரதிகள் வைப்பதே சிறந்த வழி. வெட்டாத, ஒட்டாத முழுப் பதிவு நடுவருக்கு. அதிலிருந்து எடுத்து, விளக்கமும் மெதுவாக்கிய காட்சிகளும் சேர்த்தது பொதுமக்களுக்கு. இரண்டாவதில் எதை நீக்கினோம், எதைச் சேர்த்தோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். குவேக் குழுவினர் பலர் ஆடிய பகுதிகளைச் சேர்த்தே தம் படத்தை உருவாக்கினர், அதை மறைக்கவில்லை. அதனால் அவர்கள் புகழுக்குக் குறைவு நேரவில்லை.

விளக்கத்தால் விளைந்த அறம்

புரிய வைப்பதால் என்ன பயன் என்று கேட்பார்க்கு அமெரிக்காவில் நடைபெறும் 'கேம்ஸ் டன் குயிக்' விழாக்களே விடை. 2010 ஜனவரியில் நண்பர்கள் சிலர் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் கூடி, பழைய விளையாட்டுகளை வேகமாக ஆடி, இணையம் வழியே நேரடியாக ஒளிபரப்பினர். 'கேர்' என்னும் தொண்டு நிறுவனத்திற்கு 10,000 டாலருக்கு மேல் நன்கொடை திரண்டது. 2014 ஜனவரி விழாவில் அது 10 லட்சம் டாலரைத் தாண்டியது. புற்றுநோய்த் தடுப்புப் பணிக்கும், 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பிற்கும் இவ்விழாக்களின் வழியே பெருந்தொகை சென்றிருக்கிறது.

அவ்விழாவில் ஆடுபவருக்குப் பின்னால் ஒரு சோபா போடப்பட்டிருக்கும். அதில் விளையாட்டை நன்கறிந்த நண்பர்கள் அமர்ந்து, நிகழ்வதைப் பார்ப்பவர்க்கு விளக்கிக்கொண்டே இருப்பர். ஆடுபவரின் விரல்களுக்கு ஓய்வில்லை. அவர் வாயாக நண்பர்கள் நிற்கின்றனர். விளையாட்டைக் கையால் தொட்டறியாதவர்களும் அமர்ந்து பார்க்கவும், நோயுற்றோர்க்குக் கொடுக்கவும் அந்தச் சோபாவும் ஒரு காரணமாகும்.

செய்து பார்ப்போம்

ஸ்பீட்ரன் பதிவு ஒன்றில் ஒரு கட்டத்தை மட்டும் தேர்ந்துகொள்வோம். அம்மாவையோ பாட்டியையோ அருகில் அமரச் செய்து, எதுவும் சொல்லாமல் காட்டுவோம். அவர்கள் "ஏன்?" என்று கேட்கும் ஒவ்வோர் இடத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்வோம். அந்தக் கேள்விகளே நம் வர்ணனைக்குப் பாடத்திட்டம். பதில்களை எழுதி, காட்சியோடு சேர்த்துப் படித்து, மறுநாள் மீண்டும் காட்டுவோம். கேள்விகள் குறைந்திருந்தால் நம் விளக்கம் தேறியது. படிப்பு நேரத்தைத் திருடாமல், விடுமுறை நாளில் செய்யத்தக்க நல்ல பயிற்சி இது.

முடிவுரை

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், பிறருக்கு விளங்காத மொழியில் பேசுகிறவர் இருந்தால் அதன் பொருளை எடுத்துரைக்க ஒருவரும் இருக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறார். அருகிலிருப்பவர் பயனடையாத திறமை, எவ்வளவு உயர்ந்ததாயினும், தனக்குள்ளேயே அடங்கிவிடுகிறது என்பதை அவர் அறிந்திருந்தார். கணக்கு, இசை, தையல் எதுவாயினும் இதே நிலைதான். திரையின் முன் தனித்திருக்கும் பிள்ளையைக் கண்டு கவலைப்படும் பெற்றோர், அவள் என்ன செய்கிறாள் என்பது விளங்கியதும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்வர். அதன்பின் ஆட்டம் ஒருவருடையதாக இராது, குடும்பத்தினுடையதாகும். வேகமாக ஓடக் கற்போம். ஓடியதை நேர்மையாகப் பதிவு செய்வோம். பார்ப்பவர்க்கும் புரியும்படி பொறுமையோடு எடுத்துரைப்போம்.