இரண்டாம் ராத்திரி

மூத்தவளுக்கு இப்போது ஏழு வயது. அந்த ராத்திரியை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சிசேரியன் ஆன இரண்டாம் நாள். பிள்ளை விடாமல் அழுதாள். "தாய்கிட்ட பால் பத்தலை, பச்சப்புள்ள பட்டினி கிடக்குது" என்றார் மாமியார். நர்ஸ் புட்டியில் பால்மாவு கலக்கிக்கொண்டு வந்தார். நானும் தலையாட்டினேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அதற்குக் கட்டிய வட்டி.

முதல் இரண்டு நாளும் சில டீஸ்பூன் சீம்பாலே ஒரு வேளைக்குப் போதும். பிள்ளை அடிக்கடி சப்பினால்தான் பால் ஊறும். என் பிள்ளையோ புட்டியில் வயிறு நிறைந்து தூங்கினாள். என் மார்பு கல்லாய்க் கட்டியது. பிறகு புட்டி சுலபம் என்று மார்பைத் தள்ளினாள். மூன்றாம் மாதம் பால் வற்றியது. ஐந்தாம் மாதம் வயிற்றுப்போக்கு, டிரிப்ஸ். சீம்பாலிலும் பாலிலும் உள்ள ஐ.ஜி.ஏ என்ற எதிர்ப்புப் புரதம் பிள்ளையின் குடலில் கிருமியை ஒட்டவிடாது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு, நிமோனியா, காதில் சீழ் எல்லாம் குறைவு. புட்டியால் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

சின்னவனுக்கு உஷாரானேன். முதல் மணி நேரத்திலேயே மார்பில் போட்டேன். காம்பை மட்டுமல்ல, கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வ வைத்தேன். ராத்திரி பகல் பாராமல் நாளுக்கு 8 முதல் 12 முறை. சேனை, தேன் எதுவும் தொடவிடவில்லை. பிள்ளை பெறப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தாய்வீட்டில்தானே இருப்பீர்கள், அடுப்பை அம்மா பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் பிள்ளையை மட்டும் பாருங்கள்.

அழுகையை எண்ணாதீர்கள், நனைந்த துணியை எண்ணுங்கள். ஐந்தாம் நாளுக்குமேல் தினம் ஆறு துணி நனைந்து, இரண்டு வாரத்தில் பிறந்த எடை திரும்பிவிட்டால் பால் போதும். துணி நனையாவிட்டாலோ, பிள்ளை பாலுக்கே எழாமல் துவண்டு கிடந்தாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

மே மாத வெயிலில், "ஒரு வாய் தண்ணியாவது குடு" என்றார் மாமியார். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான் என்றேன். ஆறு மாதம்வரை வேறெதுவும் கொடுக்கவில்லை.

சின்னவன் கொழுகொழுவென்று வளர்ந்தான். பார்க்கிறவர்களிடமெல்லாம் மாமியார், "எங்க வீட்டு வாகு" என்றார்.

அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.