அலைவுகாட்டிக்கு ஆணையிடுவோம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் நாட்டுப் பழமொழி. அறிவியலுக்கும் அளத்தலே அடிப்படை. கண்ணுக்குப் புலப்படாத மின்னழுத்த மாறுதல்களை அலை வடிவில் திரையில் காட்டி, அவற்றை அளக்க உதவும் கருவி ஆசிலோஸ்கோப் எனப்படும் அலைவுகாட்டி. ஜெர்மானிய அறிஞர் பெர்டினாண்டு பிரௌன் 1897-இல் உருவாக்கிய கேதோடு கதிர்க்குழாயிலிருந்து பிறந்தது இது.

குமிழ்களைத் திருப்பி அளவெடுப்பதே நாம் அறிந்த முறை. சான்றாக, 1 கிலோ ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோ பாரட் மின்தேக்கியும் தொடராக அமைந்த வடிகட்டிச் சுற்றை எடுத்துக்கொள்வோம். மின்தேக்கியின் முனைகளில் கிடைக்கும் வீச்சு, ஏறத்தாழ 1592 ஹெர்ட்ஸில் உள்ளீட்டு வீச்சின் 70.7 விழுக்காடாகக் குறையும். இதைச் சோதித்தறிய, அதிர்வெண்ணை மாற்றி மாற்றி 20 அளவுகள் எடுப்பதற்குள் ஆய்வக நேரம் முடிந்துவிடும். 200 அளவுகள் வேண்டுமென்றால்? அங்கேதான் கணிப்பொறி கைகொடுக்கிறது. டிஜிட்டல் அலைவுகாட்டியையும் சிக்னல் ஜெனரேட்டரையும் அதனுடன் இணைத்துவிட்டால், நிரலே இரண்டையும் இயக்கி அளவுகளைப் பதிவு செய்துவிடும்.

ஹியூலெட்-பாக்கார்ட் நிறுவனம் வகுத்த இணைப்பு முறை, 1975-இல் ஐ.இ.இ.இ. 488 என்னும் பொது நெறியாயிற்று. ஆயினும் ஆணைச் சொற்கள் கருவிக்குக் கருவி வேறுபட்டன. இக்குறையைப் போக்க 1990-இல் 'ஸ்கிப்பி' என்னும் பொது ஆணைமொழி தோன்றியது. இன்று யு.எஸ்.பி. வடத்தின் வழியே பைத்தான் மொழியில் சில வரிகள் எழுதியே ஆணைகளை அனுப்பலாம்.

இம்மொழியில் வினாக்குறியுடன் முடிவது கேள்வி, இல்லையேல் கட்டளை. நட்சத்திரக் குறியிட்டு, ஐ.டி.என். என்ற எழுத்துகளையும் வினாக்குறியையும் சேர்த்து அனுப்பினால், "நீ யார்?" என்று கேட்பதாகப் பொருள். தயாரித்த நிறுவனம், மாதிரி, வரிசை எண், உள்மென்பொருளின் பதிப்பு ஆகிய நான்கும் விடையாக வரும். நட்சத்திரக் குறியுடன் ஆர்.எஸ்.டி. என்று அனுப்பினால் கருவி தொடக்க நிலைக்குத் திரும்பும்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, "அலையைப் பதிவு செய்" என்று ஆணையிட்ட மறுகணமே "வீச்சு எவ்வளவு?" என்று வினவினால், பழைய அலையின் அளவே விடையாக வந்துவிடக்கூடும். பணி முடிந்ததா என்பதை அறிய ஓ.பி.சி. என்னும் வினா உண்டு. முடிந்ததும் 1 என்று விடை வரும். எந்தெந்தப் பணிக்கு இது பொருந்தும் என்பதைக் கருவியின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, மின்னழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துத் தரும் புரோபைப் பொருத்திவிட்டு அதைக் கருவிக்கு அறிவிக்காவிடில், 5 வோல்ட் 0.5 வோல்ட்டாகவே பதிவாகும். நிரல் ஐயப்படாது, 200 அளவுகளையும் அதே பிழையுடன் வரிசையாக எழுதி, அழகிய வரைபடமும் தந்துவிடும்!

ஆகவே நிரலை ஓடவிடுமுன் ஓரிரு அளவுகளையேனும் கையால் எடுத்து ஒப்பிடுதல் இன்றியமையாதது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நம்மில் பலர், விலையுயர்ந்த கருவியைத் தொடவே தயங்குகிறோம். தயக்கம் வேண்டா. குமிழைத் திருப்பிப் பழகியவனுக்கே, தான் இடும் ஆணையின் பொருள் புரியும். கணிப்பொறி விரைந்து அளக்கும். அளந்தது சரிதானா என்று ஆராய்வது நம் கடமை.